மாசு மண் வேலையைப் பிரித்து டெண்டர் விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மூடிய ஆலைகளும் பெட்ரோல் நிலையங்களும் விட்டுப்போன, மாசுபட்ட அல்லது மாசு இருக்கக்கூடிய நிலங்கள் அமெரிக்காவில் 4,50,000-க்கு மேல் இருப்பதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிடுகிறது. அவற்றைச் சீரமைக்கும் வேலையில் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்கும் பங்கு வேண்டும் என்பவர்கள் பெரும்பாலும் ஒதுக்கீட்டுச் சதவீதத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரம் ஒப்பந்தங்களில் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்கு வைத்த 30 சதவீத ஒதுக்கீட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989-லேயே ரத்து செய்துவிட்டது. நாங்கள் பார்க்கச் சொல்வது டெண்டர் ஆவணத்தை.

மாசு மண்ணைத் தோண்டுவது, லாரி, அதைக் கொட்டும் கழிவுக் கிடங்கின் கட்டணம், நிலத்தடி நீரைச் சோதிக்கும் கண்காணிப்புக் கிணறு, புது மண் நிரப்புவது என எல்லாவற்றையும் ஒரே டெண்டராக விட்டால், பிணைப் பத்திரமும் (வேலை நின்றுபோனால் ஈடு செய்யும் உத்தரவாதம்) மாசுக் காப்பீடும் அந்த முழு வேலைக்கும் கேட்பார்கள். சிறிய நிறுவனம் வாசலிலேயே நின்றுவிடும். கடைசியில் அதற்குக் கிடைப்பது பெரிய ஒப்பந்ததாரரின் கீழ் லாரி வேலை மட்டும்.

அதிலும் கை சுடும். ஆய்வக முடிவு இல்லாமல் கிடங்கு மண்ணை எடுத்துக்கொள்ளாது. மண்ணிலிருந்து நச்சு எவ்வளவு கரைந்து வெளியேறும் என்று பார்க்கும் கசிவுச் சோதனையில் ஈயம் லிட்டருக்கு 5 மில்லிகிராமை எட்டினாலே அது அபாயக் கழிவு; வேறு கிடங்கு, வேறு ஆவணம், பல மடங்கு கட்டணம். குழியின் பக்கச் சுவரில் எடுத்த மண் மாதிரி சோதனையில் தேறாவிட்டால் மேலும் தோண்ட வேண்டும். 1,000 டன் என்று கணக்கிட்ட மண் 1,400 டன் ஆகிவிட்டால், மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொண்டவர் மீதி 400 டன்னைக் கைக்காசில் அள்ள வேண்டியதுதான். விலை டன் கணக்கில் இருக்க வேண்டும். லாரி காத்து நிற்கும் நேரத்துக்குத் தனிக் கூலி எழுத வேண்டும்.

தன் மானியத்தில் நடக்கும் பணிகளுக்காகச் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் கொண்டுவந்த விதியில் நல்ல அம்சங்கள் உண்டு: வேலையை இயன்றவரை சிறு பகுதிகளாகப் பிரிப்பது, டெண்டர் முடிய 30 நாளுக்கு முன்பாவது அறிவிப்பது, முதன்மை ஒப்பந்ததாரர் தனக்குப் பணம் வந்த 30 நாளுக்குள் துணை ஒப்பந்ததாரருக்குக் கொடுப்பது. ஓட்டை கடைசியில்தான். நகர நிர்வாகமே பணத்தை இழுத்தடித்தால் அந்த 30 நாள் தொடங்குவதே இல்லை; டீசலும் சம்பளமும் காத்திருக்குமா? ஆகவே நிர்வாகம் பணம் தரவேண்டிய கெடுவையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். இவை எந்தச் சிறு நிறுவனத்துக்கும் பொருந்துபவை. இன ஒதுக்கீடு என்று வழக்குப் போட இடமிருக்காது.

அறிவிப்பு முன்கூட்டியே வருவதும் முக்கியம். குழிக்குள் இறங்கும் பொதுப் பணியாளருக்கு 40 மணி நேரப் பயிற்சியும் மேற்பார்வையில் 3 நாள் களப்பணியும் கட்டாயம். டெண்டர் கைக்கு வந்த மறுவாரமே வேலை என்றால், உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க அவகாசம் இல்லாமல் வெளியூரிலிருந்துதான் ஆள் வரும்.

இப்படிக்கு,
மாசு நிலச் சீரமைப்புப் பணியில் உள்ள வாசகர்கள்,
அமெரிக்கா