அந்த வரியைத் தேடுவது வீட்டுக்காரர் வேலையா? – அமெரிக்க நிலப் பதிவாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் கவுண்டிகளின் (நம்மூர் மாவட்டம் போன்றவை) நிலப் பதிவாளர்களுக்கும், அவர்களுக்கு அதிகாரமும் நிதியும் ஒதுக்கும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

எந்த வரியைப் பற்றி எழுதுகிறோம் என்று உங்களுக்கே தெரியும். வெள்ளை இனத்தவர் அல்லாத எவரும் இந்த மனையை வாங்கவோ, வாடகைக்கு எடுக்கவோ, இதில் குடியிருக்கவோ கூடாது என்கிற ஷரத்து. பெரும்பாலும் அதன் வாலில் ஒரு விலக்கும் இருக்கும்: உரிமையாளர் வீட்டில் தங்கி வேலை செய்யும் பணியாளருக்கு இது பொருந்தாது. அதாவது கறுப்பினப் பெண் அந்த வீட்டில் சமைக்கலாம், பிள்ளைகளைக் குளிப்பாட்டலாம், அதே கூரையின் கீழ் படுத்து உறங்கலாம். அவள் பெயரில் அங்கே ஒரு சதுர அடி நிலம் மட்டும் கூடாது. இன்று சட்டப்படி செல்லாது என்றாலும், உங்கள் அலுவலக முத்திரையோடும் புத்தக எண், பக்க எண்ணோடும் அந்த வரி இன்றும் உங்கள் பதிவேட்டில் இருக்கிறது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். அந்த வரியைத் தேடி எடுக்கும் வேலையை வீட்டு உரிமையாளர் தலையில் கட்டாதீர்கள். உங்கள் அலுவலகமே முழுப் பதிவேட்டையும் தேடட்டும்.

விரும்பும் உரிமையாளர் மனு கொடுத்து ஷரத்தை ரத்து செய்துகொள்ளச் சட்டம் இருக்கிறதே என்று பல மாநிலங்களிலிருந்து பதில் வரும். இருக்கிறது. அந்த வழியில் ஒருவர் என்ன பாடுபட வேண்டியிருக்கிறது என்பதைத்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

வீடு வாங்கியவர் கையில் இருக்கும் கிரையப் பத்திரத்தில் அந்த வரி பெரும்பாலும் இருக்காது. 'பதிவிலுள்ள கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது' என்று ஒரு சொற்றொடர் மட்டும் இருக்கும். விஷயம் இருப்பது தாய்ப்பத்திரத்தில். அதைப் பிடிக்கத் தெருப் பெயரும் கதவு எண்ணும் உதவாது. பழைய அட்டவணைகள் விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர் என்ற வரிசையில் இருப்பவை. ஆகவே முதலில் பத்திரத்திலிருந்து மனை எண், பிளாக் எண், மனைப்பிரிவின் பெயர் ஆகியவற்றை எடுக்க வேண்டும். அதை வைத்து மனைப்பிரிவு வரைபடத்தைத் தேடி, மனை போட்டு விற்றவர் யார், எந்த ஆண்டு என்று பார்க்க வேண்டும். பிறகு அவர் பெயரில், அந்த ஆண்டையொட்டி, விற்றவர் அட்டவணையைப் புரட்ட வேண்டும். மனைப்பிரிவு முழுமைக்குமான நிபந்தனைப் பத்திரம் தனியாகப் பதிவாகியிருந்தால் அதிர்ஷ்டம். சில இடங்களில் ஷரத்து வரைபடத்தின் ஓரத்திலேயே எழுதப்பட்டிருக்கும். சில இடங்களில் முதன்முதலில் விற்ற பத்திரத்தில் மட்டும் இருக்கும். இன்றைய உரிமையாளரிலிருந்து ஒவ்வொரு கைமாற்றமாகப் பின்னோக்கி நடந்துதான் அங்கே போய்ச் சேர முடியும். எல்லாவற்றையும்விடக் கடினமானது, வீடுகள் கட்டி முடிந்தபிறகு அக்கம்பக்கத்தார் கூடிக் கையெழுத்திட்டுப் பதிந்த ஒப்பந்தம். செயின்ட் லூயிஸ் நகரின் லபாடி அவென்யூவில் 1911ல் பதிவானது அந்த வகை. அதை எவர் பெயரில் தேடுவது?

இத்தனையும் கடந்து பக்கத்தைக் கண்டுபிடித்தால், மைக்ரோஃபிலிம் நகலுக்குக் கட்டணம், படிவம், நோட்டரி கையெழுத்து, சில இடங்களில் அரசு வழக்கறிஞரின் பரிசீலனை. முடிவில் நீங்குவது அவருடைய ஒரு மனையின் மீதுள்ள ஷரத்து. அதே நிபந்தனைப் பத்திரத்தின் கீழ் வரும் பக்கத்து வீடுகளில் அது அப்படியே நிற்கும். தன்னையும் தன் பெற்றோரையும் மனிதராக மதிக்காத ஒரு வாக்கியத்தைத் தேடித் தானே வாரக்கணக்கில் அலைந்து, அதைக் கண்டெடுத்து, தன் கையெழுத்தைப் போட்டு ரத்து செய்யுங்கள் என்று ஒரு கறுப்பினக் குடும்பத்திடம் அரசாங்கம் சொல்வது சரிதானா என்று தயவுசெய்து யோசியுங்கள்.

கணினியில் ஒரு சொல்லைத் தட்டினால் வந்துவிடாதா என்றால், வராது. வெள்ளை இனத்தவரைக் குறிக்கும் 'காக்கேசியன்' என்று தேடினால், விலக்கப்பட்டவர்களை எத்தியோப்பியர், மங்கோலியர், மலாயர், செமிட்டிக் என்று அக்கால இனப்பெயர்களால் எழுதிய பத்திரங்கள் தப்பிவிடும். 'ஒயிட்' என்று தேடினால் அந்தக் குடும்பப் பெயர் கொண்ட அத்தனை பேரும் வந்து நிற்பார்கள். கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்தாகத் தெரியும் பழைய ஒளிநகல்களிலும் மங்கிய தட்டச்சிலும், படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி மென்பொருள் தடுமாறும். மேற்குக் கரைப் பத்திரங்கள் சிலவற்றில் 'இந்து' என்ற சொல்லும் இருக்கிறது. அது மதத்தைக் குறித்தது அல்ல. இந்தியாவிலிருந்து வந்த எவரையும் குறித்த இனப்பெயர். பகத் சிங் திந்த் என்ற சீக்கியர் வெள்ளையர் அல்லர், எனவே குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று 1923ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த காலத்துச் சொல் அது. இன்று அங்கே வீடு வாங்கும் தமிழர்கள், கிறிஸ்தவரானாலும் முஸ்லிமானாலும், அந்தச் சொல்லுக்குள் அடங்கியிருப்பார்கள் என்பதை அறிந்துகொள்வது நல்லது.

இது தனியார் செய்த பாவம், அலுவலகம் வந்த காகிதத்தைப் பதிந்தது, அவ்வளவுதான் என்றும் ஒரு வாதம் உண்டு. அதை நாங்கள் ஏற்கவில்லை. வீட்டுக் கடன்களுக்கு அரசுக் காப்பீடு தந்த மத்திய வீட்டுவசதி நிர்வாகம் 1938ல் வெளியிட்ட கடன் மதிப்பீட்டுக் கையேடே இத்தகைய ஷரத்துகளைப் பரிந்துரைத்தது. மேலே சொன்ன லபாடி அவென்யூ ஒப்பந்தம் பற்றிய வழக்கில் 1948ல் உச்ச நீதிமன்றம், நீதிமன்றங்கள் இவற்றை நிறைவேற்றித் தரக் கூடாது என்றது. எழுதுவதையோ பதிவதையோ தடுக்கவில்லை. 1968ன் வீட்டுரிமைச் சட்டம் வரும்வரை எழுதினார்கள், நீங்கள் பதிந்தீர்கள். அதன் பிறகும் பதிவாளர் அலுவலகம் இவற்றை ஏற்பதே அச்சட்டத்துக்கு முரண் என்று 1972ல் வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அரசுக் காப்பீட்டோடு கிடைத்த மலிவுக் கடனில் வெள்ளையர் குடும்பங்கள் வீடு வாங்கின. அந்த வீடு விலை ஏறியது. அதை வைத்துப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பின. பிறகு வீடே பிள்ளைகளுக்குப் போனது. அதே சம்பளம் வாங்கிய, அதே போரில் சண்டையிட்டுத் திரும்பிய கறுப்பினத்தவர் வாடகை கட்டிக்கொண்டே இருந்தார். இன்றைக்குச் சொத்தில் ஏன் இவ்வளவு இடைவெளி என்று கருத்தரங்கு போட்டுப் பேசுகிறார்கள். விடையின் பெரும்பகுதி உங்கள் அலமாரியில் இருக்கிறது! கோபத்தில் சொல்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அலுவலகத்தில் இன்று பணிபுரிபவர்கள் யாரும் இதை எழுதியவர்கள் அல்லர் என்பதும் தெரியும்.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. மினியாபொலிஸில் மினசோட்டா பல்கலைக்கழகக் குழு, பத்திரப் படங்களை எழுத்துணரி மென்பொருளால் சலித்து, சந்தேகப்பட்டவற்றைத் தன்னார்வலர்களைக் கொண்டு படிக்கவைத்து, அந்நகரில் ஆயிரக்கணக்கான ஷரத்துகளை வரைபடத்தில் குறித்தது. கலிபோர்னியா 2021ல் இயற்றிய சட்டம், இவற்றைத் தேடும் பொறுப்பைக் கவுண்டி பதிவாளர்களிடமே கொடுத்தது. செலவுக்காகப் பதிவாகும் ஆவணத்தின் முதல் பக்கத்துக்கு 2 டாலர் வசூலிக்க வழி செய்தது. சான்டா கிளாரா கவுண்டியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரி ஒன்றைப் பழக்கி 52 லட்சம் பக்கங்களைத் தேடிச் சுமார் 7,500 ஷரத்துகளை எடுத்தார்கள். மற்ற கவுண்டிகள் இதைச் செய்யக் காத்திருப்பது எதற்காக?

தேடிக் கண்டதை அழித்துவிடாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வீட்டு உரிமையாளருக்குத் தரும் நகலில் அந்த வரியை மறையுங்கள், சட்டப்படி செல்லாது என்று குறியுங்கள். மூலப் பக்கம் பத்திரமாக இருக்கட்டும். வாஷிங்டன் மாநிலம் 2023ல் ஒரு சட்டம் இயற்றி, பத்திரப் பதிவில் 100 டாலர் கட்டணம் விதித்து, அந்தப் பணத்திலிருந்து முதல் வீடு வாங்குவோருக்குக் கடன் உதவி தருகிறது. 1968 ஏப்ரலுக்கு முன் அம்மாநிலத்தில் வாழ்ந்து, இந்த ஷரத்துகளால் ஒதுக்கப்பட்ட இனத்தவரும் அவர்கள் வழிவந்தோரும் அதற்குத் தகுதி பெறலாம். கறுப்பினத்தவரோடு இந்திய வம்சாவளியினரும் அப்பட்டியலில் இருக்கிறார்கள். மூலப் பக்கங்கள் இல்லாமல் இப்படியொரு சட்டத்துக்கு யார் சாட்சி சொல்லியிருப்பார்கள்? மையால் அடித்துவிட்டுக் கணக்கு தீர்ந்தது என்று சொல்வது, செய்த குற்றத்தைவிட அதன் தடயத்துக்கு அதிகம் வெட்கப்படுவதாகும்.

எனவே மீண்டும் பணிவோடு கேட்கிறோம். தேடும் வேலையை உங்கள் அலுவலகம் எடுத்துக்கொள்ளட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். 1910 முதல் 1950 வரையிலான மனைப்பிரிவு வரைபடங்களையும், மனை போட்டு விற்றவர்கள் பதிந்த நிபந்தனைப் பத்திரங்களையும் முதலில் எடுங்கள். ஒரு பத்திரத்தைக் கண்டால் அதன் கீழுள்ள அத்தனை மனைகளுக்கும் சேர்த்து ஒரே உத்தரவில் திருத்தம் பதியுங்கள், கட்டணம் வாங்காமல். கண்டவற்றை மனை எண்ணோடு வரைபடத்தில் ஏற்றிப் பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கப் போகிறீர்கள், எந்த மாதம் என்பதை மட்டும் எழுத்துமூலம் தெரிவித்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

மரியாதையுடன்,
நிலப் பதிவேடுகளில் தேடும் பணி செய்யும் தமிழர் சிலர்