மணலைக் கொட்டினால் களிமண் இளகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் வீட்டுத்தோட்டப் பகுதியில் சம்பங்கி, மழை லில்லி வளர்ப்பது பற்றி வந்த குறிப்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் களிமண்ணாக இருந்தால் நாலு கூடை மணல் கலந்துகொள்ளலாம் என்று ஒரு வரி இருந்ததே, அதைப் படித்ததும் எனக்குப் பகீர் என்றது. இதே யோசனையைக் கேட்டுத்தான் மூன்று வருஷத்துக்கு முன் என் பாத்தியை நானே கெடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீடு மன்னார்குடிப் பக்கம், கொல்லை முன்பு வயலாக இருந்த இடம். மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், பங்குனியில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். நூறு சதுர அடிப் பாத்தியில் எட்டு மூட்டை எம் சாண்டை, அதாவது கல்லை உடைத்துச் செய்கிற மணலைக் கொட்டிக் கொத்தி, ஆடியில் சம்பங்கிக் கிழங்கு நட்டேன். ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம் தண்ணீர் நின்றது. இலை மஞ்சளாகிச் சாய்ந்த ஒரு தூரைத் தோண்டிப் பார்த்தால் கிழங்கு விரலிடுக்கில் கூழாக நசுங்குகிறது, அந்த நாற்றம் கையை விட்டுப் போக இரண்டு நாள் ஆனது. தை பிறந்து மண் காய்ந்ததும் மண்வெட்டி பட்டால் ணங் என்கிறது! முன்பு செங்கல் சூளை வைத்திருந்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "களியில மணலப் போட்டு மிதிச்சா கல்லுதானம்மா வரும், நாங்க வேற என்னத்த செஞ்சோம்?" என்று சிரித்தார்.

அவர் சொன்னதுதான் சரி. களித்துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது, மணல் கொஞ்சமாக இருந்தால் அதன் சந்துகளையெல்லாம் களி அடைத்துக்கொண்டு முன்னைவிடக் கெட்டியாகிவிடும். மணலாலேயே மண்ணை மாற்ற வேண்டுமென்றால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி வேண்டும். நூறு சதுர அடியில் அரையடி ஆழத்துக்கு மட்டும் 25 கன அடி, அதாவது ஒரு டன்னுக்கு மேல். மணல் விற்கிற விலைக்கு அந்தக் காசில் பூவையே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் நான் செய்தது இதுதான். சித்திரையில் பாத்தி முழுக்கத் தக்கைப்பூண்டு விதைத்தேன், வளர்த்து மண்ணுக்கே உரமாக மடக்கிப் போடுகிற செடி அது. வயலுக்கு மட்டும்தான் அது என்று யார் சொன்னது? அதன் வேர் களியைத் துளைத்துக்கொண்டு இறங்கும். 45 நாளில் பூக்கத் தொடங்கும்போது வெட்டி மடக்கிப் போட்டு, நன்றாக மக்க விட்டேன். அதன் மேல் நன்கு மக்கிய தொழு உரம் மூன்று அங்குலம், ரைஸ் மில்லில் கிடைத்த உமிக்கரி இரண்டு சாக்கு. எல்லாம் சேர்த்துப் பாத்தியை ஒரு அடி உயர்த்தி, இரண்டு பக்கமும் வாய்க்கால் எடுத்தேன். உண்மையில் கிழங்கைக் காப்பாற்றுவது இந்த மேடுதான். வேருக்குக் காற்று கிடைத்தால் மற்றதைச் செடியே பார்த்துக்கொள்ளும். தென்னை நார்க்கழிவு போடுகிறவர்கள் மக்கியதாகப் பார்த்துக் கொஞ்சமாகப் போடுங்கள், அதுவே தண்ணீரை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஜிப்சம் போடு என்பார்கள். சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு அது மருந்து, சும்மா கெட்டியாக இருக்கிற களிக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. மண் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு வாங்கலாம்.

இன்னொன்று, ஈரக் களியைக் கொத்தவே கூடாது, மிதிக்கவும் கூடாது. ஒரு பிடி எடுத்து அழுத்தினால் பிடித்து, விரலால் தட்டினால் உதிர வேண்டும், புட்டு மாவு மாதிரி. அந்தப் பதம் எங்கள் மண்ணில் மழைக்கும் வெயிலுக்கும் நடுவே நாலைந்து நாள்தான் இருக்கும், அதைத் தவறவிட்டால் அடுத்த மழை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஆண்டுக்கொரு முறை தொழு உரம் போட்டாக வேண்டும், ஒரே வருஷத்தில் முடிகிற வேலை இல்லை. போன ஐப்பசி மழைக்கு என் பாத்தியில் மூன்று தூர்தான் போயின, அதுவும் ஓரத்தில் மேடு சரிந்த இடத்தில்.

இந்த ஆடியில் கிழங்கு நட நினைப்பவர்கள் தக்கைப்பூண்டு விதைக்கச் சித்திரைதான் சமயம். அதனால் அந்த மணல் வரிக்கு ஒரு திருத்தத்தை இந்த வாரமே போட்டுவிடுங்கள்.

வாசகி ஒருத்தி,
மன்னார்குடி