203-க்கு 202

ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டாம் உலகப் போரில், ஹவாயிலுள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர்மீது ஜப்பான் நடத்திய தாக்குதல், வெளிநாட்டுப் போர்களிலிருந்து ஒதுங்கியிருக்கும் அமெரிக்காவின் கொள்கையை ஒரே நாளில் முடித்தது என்கிறார்கள். முழுக்க அப்படியில்லை. 1941 மார்ச்சிலேயே ஆயுதங்களைக் கடனாகவோ குத்தகைக்கோ தர வழிசெய்யும் கடன்-குத்தகைச் சட்டம் கொண்டுவந்து பிரிட்டனுக்கு உதவத் தொடங்கிவிட்டார் அதிபர் ரூஸ்வெல்ட். ஆனாலும் எதிர்ப்பு ஓயவில்லை. அந்த ஆகஸ்டில், கட்டாய ராணுவ சேவையை நீட்டிக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 203-க்கு 202 என்று ஒரே ஓட்டில்தான் தப்பியது! அப்புறம் டிசம்பர் 7, ஞாயிறு காலை, ஜப்பானிய விமானங்கள் வந்தன. 2,400 பேருக்கு மேல் இறந்தார்கள். மறுநாள் அதே சபையில் ஜப்பான்மீதான போர் அறிவிப்பை எதிர்த்து ஓட்டுப் போட்டவர் உறுப்பினர் ஜீனெட் ராங்கின் ஒருவர்தான். முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய 1917-லும் போர் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டவர் அவர். சரியோ தவறோ, அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி