மடத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கும் பங்கு கொடுங்கள், மதர்

மதிப்புக்குரிய மதர் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கன்னியர் சபையின் வாழ்வில் குடும்பப் பெண்களையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று யோசிப்பதாகச் சொன்னீர்கள். சகோதரிகளுக்குள்ளேயே இரண்டு கருத்து இருப்பதாகவும் சொன்னீர்கள். துறவறம் போகாமல் பிரான்சிஸின் வழியில் வாழ்கிறவர்களுக்கான பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டு இல்லறத்தில் வாழ்கிறவள் என்ற முறையில் மனதில் பட்டதை எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் மற்ற மடங்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் மதர். ஆனால் வேலைக்கு ஆள் வேண்டும் என்பதற்காகச் சேர்க்காதீர்கள்.

பல இடங்களில் மடத்துக்கு எங்கள் நினைவு வருவது திருவிழா நெருங்கும்போதுதான். சமையலுக்கு ஆள், நன்கொடை ரசீது போட ஆள், விடுதிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஆள். அதையெல்லாம் சந்தோஷமாகவே செய்வோம். ஆனால் நாங்கள் ஏங்குவது உங்கள் செபத்துக்கு. விடியற்காலையில் நீங்கள் சேர்ந்து சொல்லும் பைபிள் சங்கீதங்களான திருப்புகழ்மாலை, உங்கள் சபையைத் தொடங்கியவர் கடவுளைத் தேடிய விதம், ஒரு முடிவு எடுக்கும் முன் நீங்கள் அமைதியாகக் காத்திருக்கும் பழக்கம் — இவற்றில் எங்களுக்கும் பங்கு வேண்டும். பிள்ளையின் படிப்பு, மாமியாரின் நோய், மாதக் கடைசிக் கடன் என்று நாங்களும் தினம் முடிவெடுத்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

வெளியாட்கள் வந்தால் சபையின் தனித்தன்மை நீர்த்துப்போகும் என்று சிலர் பயப்படுவது புரிகிறது. ஆனால் திருச்சபையின் அனுபவம் வேறு மாதிரி இருக்கிறது. அசிசி பிரான்சிஸின் போதனையைக் கேட்டு மனம் மாறியவர்களில் கல்யாணமானவர்களும் ஏராளம். வீட்டைவிட்டு வர முடியாத அவர்களுக்காக 1221-லேயே ஒரு வாழ்க்கை முறை எழுதப்பட்டது. 1289-ல் திருத்தந்தை நான்காம் நிக்கோலாஸ் அவர்களுக்கு ஒழுங்கு நூல் தந்தார். இன்று நாங்கள் பின்பற்றும் ஒழுங்கு 1978-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் தந்தது. அதன்படி குறைந்தது ஒரு வருடப் பயிற்சி உண்டு. பிறகு கொடுக்கும் வாக்கு சாகும்வரைக்கும். தலைவரை எங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுத்துக்கொள்கிறோம். ஆன்மிகத் துணைக்குத்தான் பிரான்சிஸ்கன் துறவியர் வருகிறார்கள்.

அந்தக் கடைசி விஷயம் முக்கியம். ஒரு சகோதரியை எங்களுக்கு வார்டன் மாதிரிப் போட்டுவிடாதீர்கள். எங்கள் வாழ்வும் ஓர் அழைத்தல்தான். தூய்மை நிலைக்கு எல்லாருமே அழைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. எங்களைப் பாதிக் கன்னியராக ஆக்கவும் வேண்டாம், இரண்டாம் தரமாக வைக்கவும் வேண்டாம்.

எங்களுக்கு நேரம் ஏது என்று கேட்பீர்கள். இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார், ஒரு மாதம் தனித்திருந்து செய்யும் ஆன்மிகப் பயிற்சிகளை வகுத்தபோதே அதற்கு வழி வைத்திருக்கிறார். வேலை, பொறுப்பு என்று இருப்பவர்கள் தனித்துப் போய் ஒரு மாதம் தங்க வேண்டாம்; தினம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, வீட்டில் இருந்தபடியே அதே பயிற்சிகளைச் செய்யலாம். காலத்தை நீட்டினாரே தவிர ஆழத்தைக் குறைக்கவில்லை. குளித்தலை பக்கத்தில், காவிரிக் கரையில் 1950-ல் தொடங்கிய சாந்திவனம் ஆசிரமத்தையும் பாருங்கள். அங்கே வாழும் துறவிகள் சிலர்தான். தங்களை அந்த ஆசிரமத்தோடு இணைத்துக்கொண்டு, தங்கள் வீட்டிலும் வேலையிலும் இருந்தபடியே அதன் செபத்தைச் சுமக்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

அப்புறம், நீங்கள் கொடுப்பது மட்டும் இல்லை மதர், எங்களிடமிருந்து வாங்கிக்கொள்ளவும் தயாராக இருங்கள். சியன்னா நகரத்துக் கத்தரீனை எடுத்துக்கொள்ளுங்கள். மடத்துக்குள் போகாமல் வீட்டிலேயே வாழ்ந்த டொமினிக்கன் மூன்றாம் சபைப் பெண் அவர். அவருக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்ட குருவான ரெய்மண்ட் அவருக்கே சீடரும் ஆனார். கத்தரீன் இறந்த 1380-லேயே ரெய்மண்ட் டொமினிக்கன் சபையின் தலைமைப் பொறுப்புக்கு வந்து, அதைச் சீர்திருத்தும் வேலையைத் தொடங்கினார். வீட்டில் இருந்த ஒரு பெண்ணிடம் சபை கற்றுக்கொண்டது. துறவற வாழ்வு பற்றித் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1996-ல் எழுதிய மடலும் இதைத்தான் சொல்கிறது. துறவிகள் அல்லாத பொதுநிலையினர் பங்கெடுக்கும்போது சபையின் தனிவரத்தில், அதாவது கடவுள் அந்தச் சபைக்குத் தந்த தனிக் கொடையில், அதுவரை கண்ணில் படாத பக்கங்கள் தெரியவரும் என்கிறார்.

நடைமுறைக்கு வருகிறேன். மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வைத்தால் யாராலும் வர முடியாது. அது அடுப்படி நேரம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வையுங்கள். பிள்ளைகளைக் கூட்டிவரலாம் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டே பலர் வராமல் இருந்துவிடுவார்கள். முதல் வருடம் முழுக்க எங்களிடம் எந்த வேலையும் கேட்காதீர்கள். செபிக்க மட்டும் கற்றுக்கொடுங்கள்.

இன்னும் ஒரு வேண்டுகோள். கன்னியராவதற்கு முன் பயிற்சி பெறும் நவதுறவகத்தில் ஒரு வருடம், இரண்டு வருடம் இருந்துவிட்டு வீடு திரும்பிய பெண்கள் எல்லாச் சபைகளுக்கும் உண்டு. இன்று அவர்களில் பலருக்குக் கல்யாணமாகிக் குழந்தைகள் இருக்கலாம். "மடத்தைவிட்டு ஓடிவந்தவள்" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு, உங்கள் வாசல் பக்கமே வராமல் இருக்கலாம். உங்கள் சபையின் மீது அன்பு கொண்டவர்கள் அவர்கள். உங்கள் செபம் அவர்களுக்கு ஏற்கெனவே பாதி தெரியும். பழைய பதிவேட்டை எடுத்துப் பாருங்கள் மதர். முதல் அழைப்பு அவர்களுக்குப் போகட்டும்.

செபத்தில் உங்களோடு,
மூன்றாம் சபைச் சகோதரி ஒருத்தி