பிடியாணை எதற்கு என்று எழுத ஒரு வரி இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்டில் 2025-இல் நடப்பதாக இருந்து கைவிடப்பட்ட டிரம்ப்–புதின் உச்சி மாநாட்டுக்கு, சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் பிடியாணை தன்மீது உள்ள ரஷ்ய அதிபர் புதின் எந்த வழியாகப் பறந்திருக்க முடியும் என்று சென்ற இதழில் வரைபடத்தோடு எழுதியிருந்தீர்கள். போலந்து வழியே போனால் விமானத்தை இறக்கிக் கைது செய்யப் போலந்து நீதிமன்றம் உத்தரவிடக்கூடும் என்று அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் சிகோர்ஸ்கி எச்சரித்தது, வழிவிடத் தயார் என்று பல்கேரியா சொன்னது எல்லாம் இருந்தது. ஆனால், ஒரு நாட்டின் தலைவர் வான்வழிக்கு அனுமதி கேட்டு நிற்பது இதுவரை காணாத அவமதிப்பு என்று எழுதினீர்களே, அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

இதுவரை காணாததா? 2011-இல் சீனாவுக்குப் புறப்பட்ட சூடான் அதிபர் ஒமர் அல் பஷீர், துர்க்மெனிஸ்தான் வழிவிடாததால் பாதியில் திரும்பினார். 2013-இல் ஈரானுக்குப் போனவரைச் சவூதி அரேபியா திருப்பி அனுப்பியது. அவர்மீதும் இதே சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் பிடியாணை இருந்தது. அதே ஆண்டு, எந்தப் பிடியாணையும் இல்லாத பொலிவிய அதிபர் மொராலெஸ், விமானத்தில் அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட ஸ்னோடன் இருக்கிறார் என்ற சந்தேகத்தாலேயே வழி மறுக்கப்பட்டு வியன்னாவில் இறங்க நேர்ந்தது. அவமதிப்பு என்றால் அதுதான். இந்த வேறுபாடு உங்களுக்குத் தெரியாதது அல்ல.

பிடியாணை என்ற சொல் கட்டுரை நெடுக வருகிறது. எதற்காக என்று ஒரு வரிகூட இல்லை. உக்ரைனில் பிடித்த பகுதிகளிலிருந்து குழந்தைகளைச் சட்டவிரோதமாக ரஷ்யாவுக்குக் கொண்டுபோன குற்றச்சாட்டில், 2023 மார்ச் 17 அன்று பிறப்பிக்கப்பட்டது அது. விமானம் சுற்றிப் போக வேண்டிய தூரத்தைக் கணக்கிட்டவர்களுக்கு இதைச் சொல்ல இடமில்லாமல் போய்விட்டதா?

என் மகள் கார்கிவில் மருத்துவம் படித்தவள். ரஷ்யா படையெடுத்த 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனின் வான்வெளி மூடப்பட்டது. டிக்கெட் கையில் இருந்தும் அவளால் வர முடியவில்லை. மெட்ரோ நிலையத்துக்குள் பதுங்கிக் கிடந்தாள். நகரை விட்டு உடனே வெளியேறுங்கள், வண்டி இல்லாவிட்டால் நடந்தாவது போங்கள் என்று இந்தியத் தூதரகம் அறிவித்தபோது, குண்டு விழும் சாலையில் பக்கத்து ஊரான பிசோச்சின் வரை நடந்தாள். பிறகு மேற்கு உக்ரைனின் லிவிவ் நகரம், அங்கிருந்து எல்லை தாண்டி இதே புடாபெஸ்ட். அவளுக்கு எந்த நாடு மாற்றுப் பாதை வரைந்து கொடுத்தது? அந்த வானத்தை மூட வைத்தவருக்காகவா இன்று வருந்துகிறீர்கள்?

அந்தச் சமயத்தில் உங்கள் இதழ் கேட்டது, இந்தப் பிள்ளைகள் ஏன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனார்கள் என்று. இங்கே தனியார் கல்லூரி கேட்கும் தொகையை எங்களைப் போன்ற சம்பளக்காரர்கள் புரட்ட முடியாது என்று விளக்கி எழுதினேன். அக்கடிதம் வெளிவரவில்லை. கேள்வி கேட்க இரண்டு பக்கம் கொடுத்த நீங்கள், பதிலுக்கு இரண்டு அங்குலம் தரவில்லை. 2024 செப்டம்பரில் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் உறுப்பு நாடான மங்கோலியா புதினைக் கைது செய்யாமல் சிவப்புக் கம்பளம் விரித்து வரவேற்றது. அதையும் ஒரு துணுக்காகப் போட்டு முடித்தீர்கள். விலகப் போவதாக அறிவித்திருந்தாலும் ஹங்கேரி அப்போது இன்னும் உறுப்பு நாடுதான், கைது செய்யும் கடமை அதற்கு இருந்தது என்பதும் உங்கள் கட்டுரையில் இல்லை.

நான் கேட்பது பெரிதல்ல. அந்தப் பிடியாணை எந்தக் குற்றச்சாட்டுக்காக என்பதை அடுத்த இதழில் ஒரு சிறு பெட்டிச் செய்தியாக வெளியிடுங்கள். இந்தக் கடிதத்துக்கு இடமில்லை என்றாலும் அதற்கு இடம் கொடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகி,
கும்பகோணம்