நாய்க்குப் பச்சைக்கறி: வேகவைத்தால் எது குறைந்துவிடும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாய்க்குப் பச்சைக்கறி போடலாமா என்று கேட்டு வருபவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். ஆதரிப்பவர்கள் நாய் ஓநாயின் வழிவந்ததுதானே என்று ஓநாயைக் காட்டுகிறார்கள், எதிர்ப்பவர்கள் கிருமியைக் காட்டுகிறார்கள். நம் ஊர்க் கறிக்கடையில் என்ன கிடைக்கிறது, அது நாயின் தட்டுக்கு வரும் வரை என்ன ஆகிறது என்ற பேச்சு மட்டும் விட்டுப்போகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பலன் இருப்பது உண்மை. பால்சோறும் பிஸ்கட்டும் தின்று வளர்ந்த நாயைக் கறிக்கு மாற்றினால் சில வாரங்களில் முடி பளபளக்கும். மலம் அளவில் குறைந்து கெட்டியாகும், நாற்றமும் குறையும். தட்டில் மிச்சம் வைக்காது. ஆனால் இவையெல்லாம் புரதமும் கொழுப்பும் கூடி, மாவுச்சத்து குறைந்ததால் வந்தவை. அதே கறியை வேகவைத்துப் போட்டாலும் இந்தப் பலன்கள் கிடைக்கும். வேகவைத்தால் குறைவது தயமின் போன்ற சில பி வைட்டமின்களும், தண்ணீரில் கரைந்து போகும் டாரின் என்ற அமினோ அமிலமும்தான். வெந்த தண்ணீரைக் கொட்டாமல் சோற்றில் ஊற்றிப் பிசைந்தால் கரைந்ததில் பெரும்பகுதி நாய்க்கே போய்ச் சேரும். பச்சைக்கறியில் உள்ள நொதிகள் செரிமானத்துக்கு வேண்டும் என்பார்கள். நாயின் கணையம் தனக்குத் தேவையான நொதிகளைத் தானே சுரக்கிறது.

ஓநாய் வாதத்துக்கும் பதில் இருக்கிறது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிகள்தான் உண்டு. நாய்களிடம் 4 முதல் 30 வரை இருப்பதாக 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. மனிதனோடு வாழத் தொடங்கியபின் நாயின் உடல் சோற்றுக்கும் பழகிவிட்டது. பச்சைக்கறி தின்றால் நாய்க்கு வெறி கூடும், வீட்டாரைக் கடிக்கும் என்பதற்கும் ஆதாரமில்லை. அந்தப் பயத்தால் கறியையே நிறுத்திவிட வேண்டாம்.

இனி கிருமி. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் கால்நடை மருத்துவப் பிரிவு 2010 முதல் 2012 வரை நடத்திய ஆய்வில், செல்லப்பிராணிகளுக்கென்று விற்கப்படும் 196 பச்சை உணவு மாதிரிகளைச் சோதித்தார்கள். 15இல் சால்மோனெல்லாவும் 32இல் லிஸ்டீரியாவும் இருந்தன. அவை உறையவைத்து விற்கப்படும் பொட்டலங்கள். ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று இங்கே பலரும் நம்புகிறார்கள். உறைநிலை சில ஒட்டுண்ணிகளைக் கொல்லும். பாக்டீரியாவைப் பெரும்பாலும் தூங்கத்தான் வைக்கும். கறி இளகியதும் அவை மறுபடி பெருகும். நம் கோழிக்கடையில் நிலைமை இன்னும் மோசம். ஒரே வெந்நீர்த் தொட்டியில் வரிசையாகக் கோழிகளை முக்கி, ஒரே டிரம்மில் இறகு நீக்கி, ஒரே கட்டையில் வெட்டுகிறார்கள். நாய்க்கென்று மலிவாக வாங்குவது தலை, கால், தோல், குடல். இதில் குடல்தான் கிருமிகளின் இருப்பிடம். அது காலையிலிருந்து வெயிலில் வாளியில் கிடந்ததாகவும் இருக்கும்.

நாயின் வயிற்று அமிலம் எல்லாவற்றையும் எரித்துவிடும் என்பது பாதி உண்மை. பல நாய்கள் சால்மோனெல்லாவைத் தின்றும் நோய்ப்படுவதில்லை. ஆனால் எந்த அறிகுறியும் இல்லாமல் நாள்கணக்கில் மலத்தில் அதை வெளியேற்றும். அதே நாய்தான் பின்புறத்தை நக்கிவிட்டுக் குழந்தையின் முகத்தையும் நக்குகிறது. வீட்டில் கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், டயாலிசிஸ் அல்லது புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் என்று ஒருவர் இருந்தாலும் பச்சைக்கறியை விட்டுவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

நாய்க்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. கோழிக்கழுத்தைப் பச்சையாகப் போடுவது பரவலான பழக்கம். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் 2018இல் வெளியிட்ட ஆய்வில், பின்னங்கால்களில் தொடங்கி உடல் செயலிழக்கும் நரம்பழற்சி நோய் கண்ட நாய்களையும் நலமான நாய்களையும் ஒப்பிட்டார்கள். நோயுற்ற நாய்களிடம் கேம்பைலோபேக்டர் கிருமி இருக்கும் வாய்ப்பு 9 மடங்குக்கு மேல் இருந்தது. பச்சைக் கோழிக்கறியே அந்தக் கிருமியின் முக்கிய வழி என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். பறவைக் காய்ச்சல் பரவும் நாட்களில் பச்சைக் கோழியை வீட்டுப் பூனைக்கும் போடக்கூடாது.

ஆட்டுக்கறி வாங்குவோர் கவனிக்க வேண்டியது வேறு. ஈரலிலோ நுரையீரலிலோ தண்ணீர் நிறைந்த வெள்ளைக் கட்டி தெரிந்தால் கடைக்காரர் அந்தத் துண்டை அறுத்து வாசலில் நிற்கும் நாய்க்கு எறிவது வழக்கம். எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் இளம்பருவம் அந்த நீர்க்கட்டிக்குள் இருக்கக்கூடும். நாயின் குடலில் அது சில மில்லிமீட்டர் நீளப் புழுவாக வளர்ந்து, ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். நாய் நலமாகவே இருக்கும். முட்டைகள் மலத்தோடு வந்து முடியிலும் மண்ணிலும் கீரையிலும் ஒட்டும். அவை வாய் வழியே மனிதனுக்குள் போனால், கல்லீரலிலும் நுரையீரலிலும் ஆண்டுக்கணக்கில் கட்டி வளர்ந்து அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோகும். ஈரலைத் தின்பதால் மனிதனுக்கு இந்த நோய் வராது, நாய் வழியாகத்தான் வரும். ஆகவே நாய்க்குப் போடும் ஈரல், குடல், நுரையீரல் எல்லாவற்றையும் சிறு துண்டுகளாக்கி, கொதிக்கத் தொடங்கியபின் குறைந்தது 30 நிமிடம் வேகவையுங்கள்.

எலும்பில்லாத கறியை மட்டும் போட்டுக் குட்டி வளர்ப்பதும் பெருந்தவறு. கோழி நெஞ்சுக்கறியில் கால்சியத்தைப் போல ஏறக்குறைய 19 மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. நாய்க்குக் கால்சியம் பாஸ்பரஸைவிடக் குறையக்கூடாது. குறைந்தால் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவும். சிப்பிப்பாறை, ராஜபாளையம் போல வேகமாக உயரும் குட்டிகளுக்கு முன்னங்கால் வளையும், குதித்து இறங்கினாலே எலும்பு முறியும். அதைப் பார்த்துப் பயந்து கால்சியம் சிரப்பை அளவில்லாமல் ஊற்றுவதும் ஆபத்து. சுமார் ஆறு மாதம் வரை, மிஞ்சிய கால்சியத்தை உறிஞ்சாமல் தள்ளிவிடும் திறன் குட்டிக்கு இல்லை. குட்டிக்கு வீட்டுச் சாப்பாடு என்றால் மருத்துவரிடம் எடைபோட்டு அளவு வாங்குங்கள்.

வளர்ந்த, 10 கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 630 கிலோகலோரி வேண்டும். எலும்பும் தோலும் இல்லாத கோழிக்கறி 200 கிராம், கோழி ஈரல் 15 கிராம், அரிசி 70 கிராம், பூசணி அல்லது கேரட் 60 கிராம் எடுத்து உப்பு, வெங்காயம், பூண்டு, மசாலா எதுவும் சேர்க்காமல் குழைய வேகவையுங்கள். ஆறியபின் 2 தேக்கரண்டி எண்ணெயும், அரைத் தேக்கரண்டி முட்டையோட்டுத் தூளும் கலக்கலாம். ஓட்டைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்துக் காயவைத்து மிக்ஸியில் மாவாக அரைக்க வேண்டும். நறநறவென்று இருந்தால் குடலை உறுத்தும். இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். இதிலும் துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ போதாது. நாய்க்கான சத்துத்தூள் தேவைப்படும். தோலை மலிவாகக் கிடைக்கிறது என்று சேர்த்தால் கொழுப்பு மிஞ்சிக் கணைய அழற்சி வரலாம். வாந்தியும், முதுகை வளைத்து வயிற்றை இறுக்கி நிற்பதும் அதன் அடையாளம். மத்தி போன்ற சில மீன்களில் தயமினை அழிக்கும் நொதி உண்டு. வேகவைத்தால் அது செயலிழக்கும்.

எலும்பு விஷயத்தில், வெந்த எலும்பு சிலாம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்பது பலருக்கும் தெரியும். பச்சை எலும்பானால் பயமில்லை என்று நினைப்பதுதான் தவறு. ஆட்டின் நல்லி எலும்பு மேல்தாடைக் கடைவாய்ப் பல்லைப் பிளந்துவிடும். சிறிய கழுத்துத் துண்டு உணவுக்குழாயில் சிக்கும். எலும்பு அதிகமானால் மலம் சுண்ணாம்புபோல் வெளுத்து இறுகும். பச்சை எலும்பு பற்காரையைக் குறைப்பது உண்மைதான், ஆனால் பல் துலக்குவதே பாதுகாப்பானது.

இவ்வளவுக்குப் பிறகும் பச்சையாகத்தான் கொடுப்பேன் என்பவர்கள், கண்முன் வெட்டிய கறியை அன்றே வாங்கி, குடலும் உள்ளுறுப்பும் தவிர்த்து, உறையவைத்தால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் மூடி வைத்தே இளகவையுங்கள். தனிப் பலகை, தனிக் கத்தி, எவர்சில்வர் தட்டு வைத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்தில் தின்னாததை எடுத்துக் கொட்டிவிட்டு, தட்டைச் சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவுங்கள். குடற்புழு மருந்து வாங்கும்போது அதில் நாடாப்புழுவைக் கொல்லும் பிராசிகுவான்டல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராம் அளவு. பைரன்டெல் மட்டும் உள்ள மருந்து நாடாப்புழுவைத் தொடாது. ஆட்டு உள்ளுறுப்பைப் பச்சையாகத் தின்னும் நாய்க்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை தர வேண்டியிருக்கும்.

உள்ளாட்சி நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். நீர்க்கட்டி உள்ள ஈரலும் நுரையீரலும் தெருநாய்க்குப் போகாதபடி ஒவ்வொரு ஆட்டுக்கறிக் கடையிலும் மூடியுள்ள தொட்டி வைக்கச் சொல்லி, அந்தக் கழிவைத் தனியாக எடுத்து எரிக்கவோ ஆழமாகப் புதைக்கவோ ஏற்பாடு செய்யுங்கள். கடைகளுக்கு உரிமம் புதுப்பிக்கும்போதே இதை நிபந்தனையாகச் சேர்க்கலாம்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர்,
திருநெல்வேலி