ஓடை ஈயை விடுங்கள், பட்டியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடிக்கும் ஈக்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரைக்குப் பிறகு, எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் ஒரே பேச்சு: ஓடைப் பக்கம் போனால் கண் போய்விடுமாம்! ஆப்பிரிக்காவின் ஆற்றுக் குருட்டு நோயை அவ்வளவு விரிவாக எழுதிய கட்டுரையாளர், நீலகிரியில் அது இல்லை என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

அந்த நோயாளிகளில் 100க்கு 99 பேருக்கு மேல் சகாராவுக்குத் தெற்கே இருப்பவர்கள். அந்த நோயைப் பரப்புவது கறுப்பு ஈ. அதே குடும்பத்துக் கறுப்பு ஈக்கள் நீலகிரியிலும் பழனி மலையிலும் உண்டு. வேகமாக ஓடும் தெளிந்த நீரில், கல்லையும் புல்லையும் பற்றிக்கொண்டு வளர்பவை. பெண் ஈ கடித்தால் தடிக்கும், அரிக்கும், சொறிந்தால் புண்ணாகும். கண்ணைப் பறிக்கும் ஒட்டுண்ணிப் புழு இவற்றிடம் இல்லை. ஓடையில் மருந்து தெளிக்கக் கிளம்பியிருப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கட்டும். அந்த நீரைத்தான் கீழே இருப்பவர்கள் குடிக்கிறார்கள்.

கால்நடைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்குக் கவலை வேறோர் ஈயைப் பற்றி. குலிக்காய்டிஸ் என்பார்கள், சாதாரணக் கொசுவலைக் கண்ணிலேயே நுழைந்துவிடும் பொடி ஈ. சாணமும் மூத்திரமும் ஊறிய பட்டிச் சேற்றில் பெருகி, அந்தியிலும் இரவிலும் கடிக்கும். செம்மறிக்கு நீலநாக்கு நோயைக் கொண்டுவருவது இதுதான். முதலில் காய்ச்சல், பிறகு உதடும் முகமும் வீங்கும், மூக்கு ஒழுகும், கால் நொண்டும். நாக்கு நீலமாவது எல்லா ஆட்டிலும் தெரியாது. அதற்காகக் காத்திருந்தால் ஆடு கைவிட்டுப் போய்விடும். மனிதருக்குத் தொற்றாத நோய் என்பதாலோ என்னவோ, இதைப் பற்றிக் கடையில் யாரும் பேசுவதில்லை.

தமிழ்நாட்டில் இந்நோய் மிகுவது வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான். தடுப்பூசி இருக்கிறது, ஆனால் உடலில் எதிர்ப்பு உண்டாகச் சில வாரங்கள் ஆகும். மழை பிடித்த பிறகு முகாம் போடுவதில் என்ன பயன்? நீலகிரிச் செம்மறி ஏற்கெனவே அருகிவரும் இனம். சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் காக்கப்படும் மந்தைக்குக் கிடைக்கும் கவனம், ஊருக்குள் பத்து ஆடு வைத்திருப்பவருக்கும் செப்டம்பருக்குள் கிடைக்க வேண்டும்.

அதுவரை வளர்ப்பவர்கள் செய்யக்கூடியது: பட்டிச் சேற்றை வழித்து ஈரமில்லாமல் வைப்பது, பொழுது சாயும் முன் ஆடுகளை உள்ளே அடைப்பது, தைல மர இலையில் புகை போடுவது. புகைக்கு ஈ முழுக்க ஓடிவிடாது, கொஞ்சம் விலகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
கோத்தகிரி